புல் அப்! – தரையில் மோதாமல் காக்கும் கருவியை வீட்டு சிமுலேட்டரில் பழகிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

1974 டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜெட்டாவுக்குக் கிளம்பிய மார்ட்டின்ஏர் டிசி-8 விமானம், வழியில் இலங்கையின் கட்டுநாயக்காவில் இறங்க வந்துகொண்டிருந்தது. உள்ளே 182 ஹஜ் பயணிகள், 9 பணியாளர்கள். விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று நம்பி விமானிகள் உயரத்தைக் குறைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு அடியில் இருந்தது மலையகம். மஸ்கெலியா பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். விமானத்திலிருந்த டாப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் மட்டும் நம்பித் தங்கள் இடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என்று விசாரணை சொன்னது.

அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 1 அன்று, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ 514 விமானம் ஒரு மலைமுகட்டில் மோதி 92 பேர் இறந்திருந்தார்கள். 1966 ஜனவரியில் ஹோமி பாபா உட்பட 117 பேரைப் பலிகொண்ட மோன் பிளாங்க் விபத்தும் இதே வகைதான். விமானம் நன்றாகப் பறக்கிறது, விமானி விழித்திருக்கிறார், கட்டுப்பாடு கையில் இருக்கிறது. தரை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. பல பத்தாண்டுகளாக உலகில் அதிகம் பேரைக் கொன்ற விமான விபத்து வகைகளில் இது முன்வரிசையில் இருந்தது.

இதைக் குறைத்த கருவிக்கு ஜிபிடபிள்யூஎஸ் என்று பெயர். தரை நெருங்குவதை முன்கூட்டி எச்சரிக்கும் மின்னணுப் பெட்டி. பின்னாளில் நிலப்பட வரைபடமும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து ஈஜிபிடபிள்யூஎஸ் ஆனது. பொதுப்பெயராக டாஸ் என்றும் சொல்வார்கள்.

விமானிப் பயிற்சியில் இருப்பவர்கள், ஏவியானிக்ஸ் (விமான மின்னணுவியல்) படிக்கும் மாணவர்கள், வீட்டில் சிமுலேட்டர் ஓட்டும் ஆர்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கருவி எப்படி யோசிக்கிறது என்பதையும், அது கத்தும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒன்றாகப் பழக வேண்டும். இரண்டாவதுதான் உயிர் காப்பது. கருவி உங்களுக்குக் கொடுப்பது சில விநாடிகள் மட்டுமே. அந்த விநாடிகளை யோசிப்பதில் செலவழித்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை.

ஒரு விஷயம் முன்கூட்டியே: சிமுலேட்டரில் பழகுவது புரிதலுக்கும் பழக்கத்துக்கும். உண்மையான விமானத்தில் அந்தந்த நிறுவனத்தின் கையேடுதான் இறுதி வார்த்தை.

படி 1: கருவியைச் செய்தவரைப் பற்றிக் கொஞ்சம்

டான் பேட்மேன் கனடாவின் சாஸ்கட்டூனில் 1932-ல் பிறந்த பொறியாளர். 1960களின் கடைசியில் அவர் உருவாக்கிய கருவியின் அடிப்படை எளிமையானது. ரேடியோ அல்டிமீட்டர் ஏற்கெனவே விமானத்தில் இருந்தது. அது விமானத்துக்கும் நேர்கீழே உள்ள தரைக்கும் இடையிலான தூரத்தை அளக்கும். அந்த எண் குறையும் வேகத்தைக் கணக்கிட்டு, ஆபத்தான வேகம் என்றால் குரல் கொடுத்தால் என்ன? அவ்வளவுதான் யோசனை.

1971 செப்டம்பரில் அலாஸ்காவின் ஜூனோ அருகே ஒரு போயிங் 727 மலையில் மோதி 111 பேர் இறந்தார்கள். பேட்மேன் தன் கருவியைச் சிறு விமானத்தில் வைத்துக்கொண்டு அதே மலையை நோக்கிப் பறந்து பார்த்தார். எச்சரிக்கை வந்தது. ஆனால் ஒரு ஜெட் விமானம் தப்பிக்கப் போதுமான நேரம் இல்லை. அங்கிருந்து அவர் மறுபடி வேலையைத் தொடங்கினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தக் குணம்தான். தன் கருவி காப்பாற்றியிருக்குமா என்று விபத்து நடந்த இடத்துக்கே போய்ச் சோதித்துப் பார்க்கும் குணம்.

டிடபிள்யூஏ 514 விபத்துக்குப் பிறகு அமெரிக்கா பெரிய பயணிகள் விமானங்களில் இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. 1990களில் சோவியத் யூனியன் உடைந்தபோது, அவர்கள் பல பத்தாண்டுகளாகத் தயாரித்து வைத்திருந்த உலக நிலப்பட விவரங்கள் விலைக்கு வந்தன. பேட்மேனின் குழு அவற்றை வாங்கியது. கருவிக்கு முன்னால் பார்க்கும் கண் கிடைத்தது அப்படித்தான். போர்த் தேவைக்காக அளக்கப்பட்ட மலைகள் பயணிகள் விமானத்தைக் காக்க வந்தன. 2023-ல் அவர் காலமானார்.

படி 2: கருவிக்கு என்னென்ன தெரியும்

சிமுலேட்டரைத் திறக்கும் முன் இதைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எப்போது கருவியை நம்பலாம், எப்போது சந்தேகப்படலாம் என்பது பின்னால் தானாகப் புரியும்.

முதலாவது ரேடியோ அல்டிமீட்டர். 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் கீழ்நோக்கி அலை அனுப்பும். அலையின் அதிர்வெண் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். தரையில் பட்டுத் திரும்பி வரும் அலை சற்றுப் பழைய அதிர்வெண்ணில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து உயரம் கிடைக்கிறது. பயணிகள் விமானங்களில் பொதுவாக 2,500 அடிக்குக் கீழேதான் இது வேலை செய்யும். 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 5ஜி சேவை தொடங்கியபோது ஏர் இந்தியா உட்படப் பல நிறுவனங்கள் சில விமானங்களை ரத்து செய்தது நினைவிருக்கலாம். அந்தக் கோபுரங்களின் அலைவரிசை இதற்குப் பக்கத்தில் இருந்ததே காரணம்.

அடுத்தது காற்றழுத்தத் தகவல். உயரம், வேகம், இறங்கும் வேகம் எல்லாம் இதிலிருந்து வரும். பிறகு, ஓடுபாதைப் பக்கமிருந்து வரும் வழிகாட்டி அலையைப் பிடிக்கும் ஐஎல்எஸ் ரிசீவர் தரும் சறுக்குப் பாதை (சரியான இறங்கு சரிவு) விலகல், சக்கரமும் ஃப்ளாப்பும் (மெதுவாகப் பறக்க இறக்கையிலிருந்து இறக்கும் மடிப்பு) எந்த நிலையில் இருக்கின்றன என்ற தகவல். புதிய கருவியில் இவற்றோடு ஜிபிஎஸ் இடம், நிலப்படத் தரவு, உலக விமான நிலையங்களின் ஓடுபாதைப் பட்டியல் ஆகியவையும் சேரும்.

ரேடியோ அல்டிமீட்டர் நேர்கீழே மட்டுமே பார்க்கும் என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். செங்குத்தான மலை முன்னால் நின்றால், அதன் அடிவாரத்துக்கு மேலே போகும்வரை பழைய கருவிக்கு எதுவும் தெரியாது. 1979-ல் அண்டார்டிகாவின் எரெபஸ் மலையில் 257 பேருடன் மோதிய ஏர் நியூசிலாந்து விமானத்துக்குக் கிடைத்த எச்சரிக்கை ஏறத்தாழ ஆறு விநாடி.

படி 3: சிமுலேட்டரைத் தயார் செய்வது

செலவில்லாமல் தொடங்க வேண்டுமானால் ஃபிளைட்கியர் போதும். அது இலவசம், திறமூலம்; அதன் மூலநிரலிலேயே ஈஜிபிடபிள்யூஎஸ் கருவி ஒன்று விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள ஏதாவது ஒரு பெரிய ஜெட்டை எடுக்கலாம். இந்த வழிகாட்டியில் வரும் எண்களும் பொத்தான்களும் போயிங் 737-ஐ மனத்தில் வைத்தவை.

ஜாய்ஸ்டிக் இல்லாமல் விசைப்பலகையில் பழகாதீர்கள். தப்பிக்கும் செயல் கையின் பழக்கம். விலை குறைந்த ஜாய்ஸ்டிக்கானாலும் பரவாயில்லை. ஒலியை நன்றாகக் கூட்டிவையுங்கள், இயர்போன் இன்னும் நல்லது. நிறுத்துக் கடிகாரம் ஒன்றும் ஒரு நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

விமானம் தரையில் நிற்கும்போது துணை விமானியின் பக்கத்துப் பலகையில் ஜிபிடபிள்யூஎஸ் பகுதியைத் தேடுங்கள். ஃப்ளாப், சக்கரம், டெரெய்ன் (நிலப்பரப்பு) ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே தடைசெய்யும் ஸ்விட்சுகளும், ஒரு சோதனைப் பொத்தானும் இருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் “கிளைட்ஸ்லோப்”, “புல் அப்”, “விண்ட்ஷியர்” என்று கருவி தானே பேசிக் காட்டும். எல்லா ஸ்விட்சுகளும் இயல்பு நிலையில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்பது

எச்சரிக்கைகளை மோடு 1, மோடு 2 என்று எண் போட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். மனப்பாடம் செய்வதைவிட ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள். சமவெளியில், பகல் வெளிச்சத்தில் தொடங்குவது நல்லது. சென்னையிலிருந்து கிளம்பிக் கடல் மேல் போய்விட்டால் தொந்தரவில்லை.

மோடு 1, மிகை இறக்கம். 3,000 அடியில் நேராகப் பறந்து, மூக்கைத் தாழ்த்தி நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் இறங்குங்கள். 1,000 அடியை நெருங்கும்போது “சிங்க் ரேட், சிங்க் ரேட்” கேட்கும். அப்படியே விட்டால் “புல் அப்” வரும். உயரம் குறையக் குறைய, கருவி பொறுத்துக்கொள்ளும் இறங்கு வேகமும் குறைந்துகொண்டே வரும். ஐந்தாறு உயரங்களில் செய்து பார்த்து, எந்த வேகத்தில் முதல் குரல் வந்தது என்று குறித்தால், கருவிக்குள் இருக்கும் வளைகோட்டை நீங்களே வரைந்துவிடலாம். ஏவியானிக்ஸ் மாணவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இந்த மோடைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு மங்களூரு ஒரு காரணம். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812 இருக்க வேண்டிய உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில் இருந்தது. அதைச் சரிக்கட்டச் செங்குத்தாக இறங்கினார்கள். “சிங்க் ரேட்”, “புல் அப்” திரும்பத் திரும்பக் கேட்டது. துணை விமானி மீண்டும் மேலே போகச் சொல்லி மூன்று முறை கூறினார். கேப்டன் இறக்கத்தைத் தொடர்ந்தார். குன்றின் உச்சியை வெட்டிச் சமன்செய்த அந்த ஓடுபாதையின் நீளம் 8,033 அடி. அதில் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் தப்பினார்கள். கருவி தன் வேலையை முழுமையாகச் செய்திருந்தது.

மோடு 3, கிளம்பியவுடன் உயரம் இழப்பது. புறப்பட்டு, சக்கரத்தை உள்ளிழுத்து, 500 அடியில் மூக்கை லேசாகத் தாழ்த்துங்கள். ஏறத்தாழ ஐம்பது அடி இழந்ததும் “டோன்ட் சிங்க்” கேட்கும். இழப்பு, இருக்கும் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எட்டும்போது இது பேசும் என்று நினைவில் வைத்தால் போதும். இருட்டில் கடல் மேல் கிளம்பும் விமானங்களுக்கு இது பெரிய துணை. வெளியே பார்க்க விளக்கு எதுவும் இருக்காது. விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று உடம்பு தவறாகச் சொல்லும்.

மோடு 4, இறங்கத் தயாராகாமல் தரையை நெருங்குவது. சக்கரத்தை இறக்காமல் 190 நாட் (மணிக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர்) அளவுக்குக் குறைவான வேகத்தில் 500 அடிக்குக் கீழே வந்தால் “டூ லோ, கியர்”. சக்கரம் இறங்கியும் ஃப்ளாப் போதாமல் 245 அடிக்குக் கீழே வந்தால் “டூ லோ, ஃப்ளாப்ஸ்”. வேகம் அதிகமாக இருந்தால் இரண்டிலும் “டூ லோ, டெரெய்ன்” என்று கேட்கும்.

மோடு 5, சறுக்குப் பாதைக்குக் கீழே போவது. ஐஎல்எஸ் பிடித்து இறங்கும்போது வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்ந்து பாருங்கள். சறுக்குப் பாதை காட்டியின் அளவுகோலில் 1.3 புள்ளிக்கு மேல் விலகினால் மெதுவான குரலில் “கிளைட்ஸ்லோப்” சொல்லும். 300 அடிக்குக் கீழே இரண்டு புள்ளி விலகினால் அதே சொல் உரக்க வரும்.

மோடு 6 உயர அறிவிப்புகளும் அதிகச் சாய்வு எச்சரிக்கையும். மோடு 7 காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறும் விண்ட்ஷியர். இந்த இரண்டையும் முதல் சுற்றில் விட்டுவிடலாம். மோடு 2 மட்டும் பாக்கி. அதற்கு மலை வேண்டும்.

படி 5: தப்பிக்கும் செயல்

மலைக்குப் போகும் முன் இதைப் பழகுங்கள். நேராகப் பறக்கும் விமானத்தில், யாராவது பக்கத்திலிருந்து “புல் அப்” என்று சொல்லும்போது இதைச் செய்ய வேண்டும். போயிங் முறைப்படி வரிசை இது:

1. ஆட்டோபைலட்டைத் துண்டிக்கவும். ஆட்டோத்ராட்டிலையும் துண்டிக்கவும்.
2. த்ராட்டிலை முழுவதும் முன்னே தள்ளவும்.
3. அதே நேரத்தில் இறக்கைகளைச் சமமாக்கி, மூக்கை 20 டிகிரிக்குத் தூக்கவும்.
4. ஸ்பீட்பிரேக் (வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் எழும் தகடு) உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கவும்.
5. ஆபத்து தீரவில்லை என்றால், ஸ்டிக் ஷேக்கர் (இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதைக் கைப்பிடியை அதிரவைத்து எச்சரிப்பது) அதிரும் எல்லைவரை இன்னும் தூக்கவும்.
6. தரையைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகும்வரை சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் தொடக்கூடாது.

ஏர்பஸ்ஸில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு இருப்பதால் சைட்ஸ்டிக்கை முழுவதும் பின்னே இழுத்துப் பிடிக்கலாம். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

நான்காவது வரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்க வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. நேவிகேஷன் கம்ப்யூட்டரில் தவறான வழிப்புள்ளி தேர்வானதால் மலைகளுக்குள் திரும்பிவிட்டது. மோதலுக்கு ஏறத்தாழ 12 விநாடி முன்பு எச்சரிக்கை வந்தது. விமானிகள் உடனே முழு உந்துவிசை கொடுத்து மூக்கைத் தூக்கினார்கள். ஆனால் வேகமாக இறங்குவதற்காக முன்பு திறந்துவைத்த ஸ்பீட்பிரேக் இறக்கையின் மேல் அப்படியே திறந்திருந்தது. 159 பேர் இறந்தார்கள். தப்பிக்கும் செயலைத் தொடங்கிய ஒரு விநாடிக்குள் அதை மூடியிருந்தால் விமானம் மோதிய இடத்துக்கு 150 அடி மேலே பறந்திருக்க முடியும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

சிமுலேட்டரில் இதைச் செய்து பாருங்கள். ஸ்பீட்பிரேக்கைத் திறந்து 10,000 அடியில் இறங்கிக்கொண்டே, திடீரென்று தப்பிக்கும் செயலைத் தொடங்குங்கள். ஒருமுறை அதை மூடாமல், ஒருமுறை மூடி. முதல் 15 விநாடியில் எவ்வளவு உயரம் கிடைத்தது என்று இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள். இந்த ஒரு பயிற்சி பத்துப் பக்கம் படிப்பதற்குச் சமம்.

எல்லாக் குரலுக்கும் இந்த முழு வரிசை தேவையில்லை. “சிங்க் ரேட்” கேட்டால் இறக்கத்தைத் திருத்த வேண்டும். கடைசி 1,000 அடிக்குள் கேட்டால் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே போவது நல்லது. “புல் அப்” கேட்டால் முழு வரிசை, அதுவும் உடனே. நல்ல பகல் வெளிச்சத்தில், தரையைக் கண்ணால் தெளிவாகப் பார்த்து ஆபத்தில்லை என்று உறுதிசெய்தால் மட்டும் விதிவிலக்கு. இரவிலும் மேகத்திலும் விதிவிலக்கே கிடையாது.

படி 6: கட்டுநாயக்காவிலிருந்து மலையை நோக்கி

இப்போது மார்ட்டின்ஏர் விமானம் மோதிய பகுதிக்கே போகலாம். கட்டுநாயக்காவிலிருந்து கிளம்பி 5,000 அடிக்கு ஏறி, ஏறத்தாழ 120 டிகிரி திசையில் திரும்புங்கள். சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் 7,359 அடி உயரத்தில் சிவனொளிபாதமலை நிற்கிறது. 250 நாட் வேகத்தில் பத்து நிமிடப் பயணம். வரைபடத்தில் மலையின் உச்சியைக் குறிவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை டெரெய்ன் ஸ்விட்சைத் தடை நிலையில் வையுங்கள். இப்போது உங்களிடம் இருப்பது 1970களின் கருவி. மோடு 2 மட்டும், அதாவது கீழே தரை எழும்பி வரும் வேகம் மட்டும் பார்க்கப்படும். மேகத்தைக் கூட்டி, வெளியே எதுவும் தெரியாமல் செய்துகொள்ளுங்கள். அடிவாரக் குன்றுகள் வரும்போது ரேடியோ அல்டிமீட்டர் எண் திடீரென்று உயிர்பெற்றுக் குறையத் தொடங்கும். “டெரெய்ன், டெரெய்ன்” கேட்டதும் கடிகாரத்தை அழுத்துங்கள். ஒன்றும் செய்யாமல் மோதவிட்டு, எத்தனை விநாடி கிடைத்தது என்று எழுதுங்கள். பிறகு அதே பாதையில் மறுபடி வந்து, தப்பிக்கும் செயலைச் செய்யுங்கள். சில முறை தப்புவீர்கள், சில முறை மோதுவீர்கள்.

இரண்டாம் முறை ஸ்விட்சை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, டெரெய்ன் திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பாதுகாப்பாகக் கீழே உள்ள நிலம் பச்சைப் புள்ளிகளாகவும், உயரத்தை ஒட்டியது மஞ்சளாகவும், மிக மேலே உயர்ந்து நிற்பது சிவப்பாகவும் தெரியும். மோதலுக்கு ஏறத்தாழ 60 விநாடி இருக்கும்போது “காஷன், டெரெய்ன்”. அரை நிமிடம் இருக்கும்போது “டெரெய்ன், டெரெய்ன், புல் அப்”. இந்த வித்தியாசத்தைத்தான் பேட்மேன் இருபது வருடத்துக்கு மேல் தேடினார்.

“காஷன்” என்ற மஞ்சள் எச்சரிக்கையிலேயே செயல்படப் பழகுங்கள். சிவப்புக்காகக் காத்திருக்கும் பழக்கம் வரவே கூடாது.

படி 7: கருவிக்குப் பொய்த் தகவல் போகும்போது

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். இன்றைய ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

முதலில் காற்றழுத்த அளவு. ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறினால் உயரம் ஏறத்தாழ 28 அடி தவறும். 2022 மே 23, பாரிஸின் சார்ல் த கோல் நிலையத்தில் ஏர்பஸ் ஏ320 ஒன்றுக்கு, 1001 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 1011 என்று கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். விமானத்தின் கருவிகளில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. உண்மையில் ஏறத்தாழ 280 அடி கீழே பறந்தது. ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் தரைக்கு மேல் வெறும் 6 அடிவரை வந்துவிட்டது. விமானத்திலிருந்த டாஸ் குரல் கொடுக்கவில்லை. சக்கரமும் ஃப்ளாப்பும் சரியாக இருந்தன, இறங்கு வேகமும் இயல்பாக இருந்தது. மோடுகளுக்கு அது ஒழுங்கான இறக்கம். எச்சரித்தது தரையிலிருந்த ரேடார் அமைப்பு. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதைச் செய்து பார்க்க, சிமுலேட்டரில் அழுத்தத்தைப் பத்து அளவு கூட்டி வைத்து, ஐஎல்எஸ் இல்லாமல் காற்றழுத்த உயரத்தை மட்டும் நம்பி இறங்குங்கள். ரேடியோ அல்டிமீட்டரைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வாருங்கள். ஓடுபாதைக்கு மூன்று மைல் தூரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கு கைவசம் இருந்தால், தவறு உடனே கண்ணில் படும்.

அடுத்து ஜிபிஎஸ். 2023-லிருந்து மேற்காசியப் போர்ப் பகுதிகளில் போலி ஜிபிஎஸ் அலைகளால் பயணிகள் விமானங்கள் ஏமாற்றப்படுவது அதிகமாகியிருக்கிறது. எதிரியின் ட்ரோனையும் ஏவுகணையையும் திசைதிருப்ப அனுப்பும் அலை, மேலே போகும் விமானத்தின் கருவியையும் குழப்பிவிடுகிறது. முப்பதாயிரம் அடிக்கு மேல் பறக்கும்போது திடீரென்று “புல் அப்” கேட்கிறது. இந்தியாவிலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் இப்படிப்பட்ட குறுக்கீடுகள் நூற்றுக்கணக்கில் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

இதில் எனக்குக் கவலை தருவது, பொய் எச்சரிக்கை கேட்டுக் கேட்டு விமானிகளின் காது பழகிப்போவது. டெரெய்ன் ஸ்விட்சைத் தடை செய்தால் முன்னால் பார்க்கும் பகுதிதான் அணையும். ரேடியோ அல்டிமீட்டரை நம்பியிருக்கும் மோடு 1 முதல் 5 வரை தொடர்ந்து வேலை செய்யும். படி 6-ல் ஸ்விட்சை அணைத்துப் பழகியதன் இன்னொரு பயன் இது: அந்த நிலையில் உங்களிடம் எத்தனை விநாடி மிஞ்சும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். குறுக்கீட்டுப் பகுதியைத் தாண்டியதும், ஜிபிஎஸ் சரியாகிவிட்டதை உறுதிசெய்து ஸ்விட்சைத் திரும்பப் போட வேண்டும். மறந்தால் இறங்கும்போது கண்ணில்லாத கருவிதான் இருக்கும்.

மூன்றாவது, பட்டியலில் இல்லாத ஓடுபாதை. 2010 ஏப்ரல் 10 அன்று போலந்து அதிபர் உட்பட 96 பேருடன் மூடுபனியில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் ராணுவ விமானத்தளத்தில் இறங்க முயன்று விழுந்த டியூ-154 விமானத்தில் டாஸ் இருந்தது. அந்தத் தளம் அதன் தரவில் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒழுங்காக இறங்கினாலும் கருவி கத்தத்தான் செய்யும். எது உண்மை ஆபத்து என்று பிரித்தறிய வழியில்லை.

இதற்கு நேர்மாறான சம்பவம் 2012 மே 9 அன்று இந்தோனேசியாவின் சாலாக் மலையில் நடந்தது. சுகோய் சூப்பர்ஜெட் விமானத்தின் விளம்பரப் பயணம், 45 பேர். மோதலுக்கு 38 விநாடி முன்பு எச்சரிக்கை வந்தது. தரவில்தான் கோளாறு என்று நினைத்துக் கேப்டன் கருவியை அணைத்தார். முதல் எச்சரிக்கையிலிருந்து 24 விநாடிக்குள் செயல்பட்டிருந்தால் தப்பியிருக்கலாம் என்று விசாரணை கணக்கிட்டது. அதனால்தான் வரிசையை மாற்றாதீர்கள் என்கிறேன். முதலில் மேலே போங்கள். கருவி சரியா தவறா என்பதைப் பாதுகாப்பான உயரத்தில் பேசிக்கொள்ளலாம்.

படி 8: போர் விமானத்தில் இதே யோசனை

போர் விமானியின் பிரச்சினை வேறு. அவர் வேண்டுமென்றே தரையை ஒட்டிப் பறப்பார், தலைகீழாகத் திரும்புவார். சாதாரண எச்சரிக்கை அவருக்கு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். அதோடு, கடுமையான திருப்பத்தில் மூளைக்கு ரத்தம் போகாமல் மயங்கிவிட்டால் எச்சரிக்கையைக் கேட்க ஆளே இல்லை.

அமெரிக்க விமானப்படை ஆய்வகம், நாசா, லாக்ஹீட் மார்ட்டின் ஆகியவை சேர்ந்து பல பத்தாண்டுகள் உழைத்து ஆட்டோ ஜிகாஸ் என்ற அமைப்பை உருவாக்கின. 2014-ல் எஃப்-16 விமானங்களில் அது பயன்பாட்டுக்கு வந்தது. விமானம் இந்த நொடியில் நிமிர்ந்து மேலே இழுத்தால் எந்தப் பாதையில் போகும் என்று அது தொடர்ந்து கணித்து, நிலப்படத்தோடு ஒப்பிடும். அந்தப் பாதையும் தரையைத் தொடும் கட்டம் வந்தால், கட்டுப்பாட்டைத் தானே எடுத்து, இறக்கைகளைச் சமமாக்கி 5 ஜி (புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கு) விசையில் இழுக்கும். பிறகு கட்டுப்பாட்டை விமானியிடமே திருப்பிக் கொடுத்துவிடும்.

வடிவமைத்தவர்கள் வைத்த முன்னுரிமை கவனிக்கத்தக்கது. முதலில், தீங்கு செய்யக்கூடாது. இரண்டாவது, விமானியின் வேலைக்குக் குறுக்கே வரக்கூடாது. மூன்றாவதுதான், மோதலைத் தவிர்க்க வேண்டும். அவசியமில்லாமல் குறுக்கிட்டால் விமானிகள் அணைத்துவிடுவார்கள், அணைத்த கருவி யாரையும் காப்பாற்றாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2016 மே மாதம் அரிசோனாவில் இது கண்முன்னே நிரூபணமானது. வேறு நாட்டிலிருந்து வந்த பயிற்சி விமானி ஒருவர் 8.3 ஜி திருப்பத்தில் மயங்கினார். மூக்கு கீழே பாய்ந்தது, வேகம் ஒலியைத் தாண்டியது. பக்கத்து விமானத்திலிருந்த பயிற்றுநர் ரேடியோவில் மீளும்படி திரும்பத் திரும்பக் கத்தினார். பதில் இல்லை. ஏறத்தாழ 8,700 அடியில் கருவி தானே விமானத்தை நிமிர்த்தி இழுத்தது. அவர் நினைவு திரும்பி உயிரோடு வீடு போனார். வீட்டு சிமுலேட்டர்களில் இந்த அமைப்பு அரிது என்பதால் பழக வழியில்லை, ஆனால் அந்தக் காக்பிட் காணொளி வெளியிடப்பட்டிருக்கிறது, தேடிப் பாருங்கள்.

படி 9: தனியாகப் பழகாமல் இருவராக

தனியாகச் செய்தால் எச்சரிக்கை எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். எனவே நண்பர் ஒருவரைக் கட்டுப்பாட்டாளராக உட்கார வையுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் மூன்றில் ஒன்றைச் செய்யட்டும்: தவறான காற்றழுத்தம் சொல்வது, மலையை நோக்கித் திசை கொடுப்பது, எதுவும் செய்யாமல் ஒழுங்காக இறங்கவிடுவது. கோயம்புத்தூர் இதற்கு நல்ல இடம். நிலையத்துக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குள் வெள்ளியங்கிரி மலை இருக்கிறது. மேகத்தைத் தாழ்த்தி, நேரத்தை இரவாக்கிக்கொள்ளுங்கள்.

நோட்டில் மூன்று பத்திகள் போதும். முதல் குரல் வந்த நேரம், உங்கள் கை த்ராட்டிலைத் தள்ளிய நேரம், ஸ்பீட்பிரேக்கைச் சரிபார்த்தீர்களா இல்லையா. முதல் இரண்டுக்கும் இடையே இரண்டு விநாடிக்கு மேல் போனால், அந்தப் பயணத்தை மறுபடி செய்யுங்கள். கட்டுப்பாட்டாளர் சொன்ன அழுத்தம் சந்தேகமாக இருந்தால் திருப்பிக் கேட்டு உறுதிசெய்தீர்களா என்பதையும் நண்பர் குறிக்கட்டும். அப்புறம் இடம் மாறி உட்காருங்கள். குழி பறிப்பவராக உட்கார்ந்து பார்க்கும்போதுதான், எந்தக் குழியில் விமானி எளிதாக விழுவார் என்று தெரியும்.